கடையை மூடிட்டாங்க, பூட்டை யார் திறக்கறது?

இது கொஞ்சம் பொட்டி சம்பந்தப்பட்ட பதிவு. அதுக்காக "நமக்கெதுக்கு இது"ன்னு அடுத்த பதிவுக்கு ஓடிடாதீங்க. வீட்டுப் பத்திரம், ஆதார், பாஸ்போர்ட், அப்பாவோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி இணையத்துல எங்கேயாவது போட்டு வெச்சிருந்தீங்கன்னா, இது உங்களுக்கும்தான்.

போன மாசம் பெங்களூர்ல இருக்கற சித்தப்பா பையன் போன் பண்ணினான். அவன் வருஷாவருஷம் காசு கட்டி வெச்சிருந்த ஒரு என்க்ரிப்ஷன் ஆப்காரங்க, சேவையை நிறுத்தப் போறோம், இந்தத் தேதிக்குள்ள உங்க ஃபைல்களை எடுத்துக்கங்கன்னு மெயில் போட்டுட்டாங்களாம். (கம்பெனி பேரு வேண்டாம். சின்னக் கம்பெனி, பாவம்.) "அண்ணா, இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான என்க்ரிப்ஷன் எதுல இருக்குன்னு சொல்லு, அதுக்கு மாறிக்கறேன்"னான். அவனுக்குப் பதில் சொல்லவே முக்கால் மணி நேரம் ஆச்சு. அவ்வளவையும் பேசித் தீர்த்தப்புறம், இதைப் பதிவாவே போட்டுடலாமேன்னு தோணுச்சு.

முதல்ல அவன் கேட்ட கேள்வி. "எது ஸ்ட்ராங்?" இதுக்குப் பதில் ரொம்ப போர். ஓரளவு பேர் எடுத்த எல்லாச் சேவைகளும் ஏ.ஈ.எஸ் 256 பிட் இல்லேன்னா அதுக்குச் சமமான ஒண்ணைத்தான் உபயோகிக்கறாங்க. அதை நேரா உடைக்க இன்னிக்கு யார்கிட்டயும் வழி இல்லை. அதனால பூட்டோட பலத்தை வெச்சுத் தேர்ந்தெடுக்கறது, எல்லாக் கடையிலயும் ஒரே கம்பெனி பூட்டு தொங்கறப்ப "எது கெட்டியானது?"ன்னு கேக்கற மாதிரி. கேக்க வேண்டியது வேற. சாவி யார்கிட்ட இருக்கு? பூட்டு வித்தவன் நாளைக்கு ஊரைக் காலி பண்ணிட்டா அந்தச் சாவி வேலை செய்யுமா?

எங்க ஊர்ப்பக்கம் புரியற மாதிரி சொல்றேன். எனக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரம். நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோடு தாலுகா. லாரியும் ரிக் வண்டியும் இல்லாத தெருவைத் தேடணும். லாரி ஆபீஸ்ல பார்சல் போடற மூணு விதத்தை நினைச்சுக்கங்க.

முதல் விதம்: பொருளை அப்படியே குடுத்துடறீங்க. அவங்களே பெட்டியில போட்டு, அவங்க பூட்டைப் போட்டு, சாவியையும் அவங்களே வெச்சுக்குவாங்க. வழியில திருடன் வந்தா திறக்க முடியாது. ஆனா ஆபீஸ்காரர் நினைச்சா திறக்கலாம், போலீஸ் முறைப்படி கேட்டா திறந்தும் காட்டணும். சாதாரண கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் தனிநபர் கணக்கு எல்லாம் இந்த ரகம். என்க்ரிப்ஷன் இருக்கு, சாவி அவங்ககிட்ட இருக்கு.

ரெண்டாவது விதம்: லாரி ஆபீஸே ஒரு விசேஷப் பெட்டி விக்கறாங்க. சாவி உங்ககிட்ட மட்டும்தான். ஆனா அந்தப் பெட்டி அவங்க லாரியில மட்டும்தான் போகும். புரோட்டான் டிரைவ், டிரெசோரிட் மாதிரி சேவைகள் இந்த ரகம். பாதுகாப்பு நல்லாவே இருக்கு. ஆனா பெட்டியும் லாரியும் ஒரே ஆளோடது.

மூணாவது விதம்: நீங்களே தகரப்பெட்டி வாங்கி, நீங்களே பூட்டுப் போட்டு, எந்த லாரியில வேணாலும் ஏத்தி விடறீங்க. இன்னிக்கு கூகுள், நாளைக்கு வேற ஒருத்தர், அடுத்த நாள் வீட்டு ஹார்ட் டிஸ்க். லாரி மாறினாலும் பெட்டி அதே பெட்டி. கிரிப்டோமேட்டர், ஆர்குளோன், வெராகிரிப்ட் எல்லாம் இப்படி வேலை செய்யற மென்பொருள்கள்.

இந்த மூணாவது விதத்துலயும் ஒரு பள்ளம் இருக்கு. அதுக்கு நல்ல உதாரணம் பாக்ஸ்கிரிப்டர். ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரத்துல செகோம்பாங்கற கம்பெனி செஞ்சது. டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ்னு எதுல வேணாலும் போடறதுக்கு முன்னாடி உங்க கணினியிலயே பூட்டிக் குடுக்கும். பத்து வருஷத்துக்கு மேல நல்லா ஓடுச்சு. 2022 நவம்பர்ல டிராப்பாக்ஸ் அதோட முக்கியமான தொழில்நுட்பத்தை எல்லாம் வாங்கிக்கிச்சு. அன்னியோட புதுக் கணக்கு கிடையாது. பழைய ஆளுங்க அவங்கவங்க சந்தா முடியறதுக்குள்ள ஃபைல்களைத் திறந்து எடுத்துக்கிட்டு வேற இடம் பாத்துக்கணும். வேடிக்கை என்னன்னா, டிராப்பாக்ஸை முழுசா நம்பாம, தனியா பூட்டு வேணும்னு பாக்ஸ்கிரிப்டருக்குப் போனவங்க எத்தனையோ பேர். கடைசியில அந்தப் பூட்டையே டிராப்பாக்ஸ் வாங்கிடுச்சு :-)

அதுக்கு முன்னாடி வுஆலா. சுவிட்சர்லாந்துல சூரிச் ஈ.டி.எச் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியில இருந்து பொறந்தது, 2008-ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அப்புறம் ஹார்ட் டிஸ்க் விக்கற லாசி கம்பெனிகிட்ட போச்சு. 2015 ஆகஸ்ட்ல மூடப் போறோம்னு அறிவிச்சாங்க. 2015 நவம்பர் 15-ஓட ஃபைல்கள் எல்லாம் அழிச்சாச்சு. மூணு மாசம்தான் அவகாசம். அந்த மூணு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தவன், கப்பல்ல வேலைக்குப் போனவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் ஸ்கிஃப். மெயில், டிரைவ், காலண்டர் எல்லாத்தையும் என்க்ரிப்ட் பண்ணிக் குடுத்தாங்க. 2024 பிப்ரவரியில நோஷன் கம்பெனி வாங்குச்சு. ஆறு மாசம் டைம் குடுத்துட்டு ஆகஸ்ட்ல மூடியாச்சு.

இப்ப எல்லாத்துலயும் மோசமா மூடினவங்களைப் பாக்கலாம். ட்ரூகிரிப்ட். யார் எழுதினாங்கன்னே அப்ப வெளிய சொல்லாத மென்பொருள். 2014 மே 28-ம் தேதி திடீர்னு அவங்க தளத்துல, இதுல சரிபண்ணாத ஓட்டை இருக்கலாம், உபயோகிக்காதீங்க, மைக்ரோசாஃப்டோட பிட்லாக்கருக்குப் போயிடுங்கன்னு ஒரு அறிவிப்பு. ஏன்னு சரியான விளக்கம் இல்லை, அவகாசம் இல்லை. கடைசியா விட்ட 7.2 பதிப்புல ஏற்கெனவே பூட்டினதைத் திறக்க மட்டும்தான் முடியும், புதுசா பூட்ட முடியாது.

ஆனா பாருங்க, ட்ரூகிரிப்ட்ல பூட்டி வெச்சிருந்தவங்க அதனால அவங்க ஃபைலை இழக்க வேண்டி வரலை. ஏன்? மூல நிரல் முழுக்க வெளிய இருந்துச்சு. பூட்டோட வரைபடம் ஊருக்கே தெரியும், சாவி மட்டும் உங்ககிட்ட. 2013-லயே பிரான்ஸ்ல இருந்து வெராகிரிப்ட்னு ஒண்ணு அதே நிரல்ல இருந்து கிளை விட்டிருந்துச்சு. பல வருஷம் அது பழைய ட்ரூகிரிப்ட் பெட்டிகளையும் திறந்து குடுத்துச்சு. 2023-ல அந்த வசதியை எடுத்துட்டாங்க. ஆனா அதுக்கு முந்தின 1.25.9 பதிப்பைத் தேடி எடுத்து இன்னிக்கும் திறக்கலாம். லினக்ஸ்ல கிரிப்ட்செட்டப்ங்கற கருவியும் திறக்கும். 2015-ல வெளியாட்கள் நிரலைத் தணிக்கை பண்ணி, வேணும்னே வெச்ச பின்கதவு எதுவும் இல்லைன்னும் சொன்னாங்க.

மரியாதையா கடிதம் போட்டு மூடின சேவைகள்ல எல்லாம் ஜனங்க காலண்டரைப் பாத்துக்கிட்டு ஓடினாங்க. சொல்லாமக் கொள்ளாம ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனவங்க பூட்டு பத்து வருஷம் கழிச்சும் திறக்குது. நான் சித்தப்பா பையன்கிட்ட சொன்ன விஷயமே இதுதான். கம்பெனி நல்லதா, பெரிசா, எத்தனை பேர் உபயோகிக்கறாங்கன்னு பாக்கறதை விட, அந்தக் கம்பெனி இல்லாம உன் பெட்டியைத் திறக்க முடியுமான்னு பாரு.

இது நமக்குப் புதுசு இல்லை மக்களே. டிஸ்கி, டேப், பாமினின்னு (நான் சொல்ற டிஸ்கி எழுத்துக் குறியீடு, பதிவு கடைசியில போடற டிஸ்கி இல்லை!) ஆளுக்கொரு எழுத்துருவுல தமிழ் அடிச்ச காலம் ஞாபகம் இருக்கா? எனக்கு அப்ப சின்ன வயசு, மூத்த பதிவர்கள் எழுதினதைப் படிச்சுத்தான் தெரியும். அந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் வழக்கொழிஞ்சு போச்சு. ஆனா அதுல அடிச்சதை இன்னிக்கும் பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில போட்டு யுனிகோடுக்குக் கொண்டு வந்துடலாம். ஏன்னா எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கற அட்டவணை வெளிப்படையா இருந்துச்சு. அந்த அட்டவணை ஒரு கம்பெனியோட அலமாரிக்குள்ள மட்டும் இருந்திருந்தா, எத்தனையோ பேர் எழுதினது இன்னிக்கு வெறும் கிறுக்கலா நின்னிருக்கும். பூட்டின ஃபைலுக்கும் அதே கதைதான். என்ன ஒண்ணு, எழுத்துருவுல ஊகிச்சாவது பாக்கலாம், இதுல ஊகிக்கவே முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. கம்பெனி மூடாமலே சேவை கைக்கு எட்டாமப் போகலாம். 2024 பிப்ரவரி 8-ம் தேதி சென்னையில பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்துச்சே, எல்லாப் பெத்தவங்களும் பதறிப்போய் ஸ்கூல் வாசல்ல நின்னாங்களே, அது புரோட்டான் மெயில் வழியா வந்தது. புரளின்னு அப்புறம் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் புரோட்டானை இந்தியாவுல முடக்கலாமான்னு பேச்சு எழுந்து, சுவிஸ் அதிகாரிகள் தலையிட்டு, அப்போதைக்கு நின்னுது. 2025 ஏப்ரல்ல வேற ஒரு வழக்குல கர்நாடக உயர்நீதிமன்றமும் புரோட்டான் மெயிலை முடக்க நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு. குழந்தைங்களைப் பயமுறுத்தினவனைப் பிடிக்கணும்னு போலீஸ் நினைக்கறதுல தப்பே இல்லை. அதே சமயம், அதே கம்பெனியோட டிரைவ்ல வீட்டுப் பத்திரத்தை மட்டும் வெச்சிருக்கற ஒருத்தருக்கு இது ஒரு எச்சரிக்கை. அவர் ஒரு தப்பும் பண்ணலை. ஆனா கதவு ஒரு நாள் அடைபடலாம்.

வெளிநாட்டுலயும் இப்படி நடந்திருக்கு. 2025 பிப்ரவரியில பிரிட்டன் அரசாங்கத்தோட நெருக்கடியால ஆப்பிள் தன்னோட ஐக்ளவுட்ல குடுத்துட்டு இருந்த கூடுதல் என்க்ரிப்ஷன் வசதியை அந்த நாட்டுல புதுசா யாரும் எடுக்க முடியாம நிறுத்துச்சு. ஆப்பிள் அளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை.

சரி, எங்க வீட்டுல என்ன பண்ணினோம்னு சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து சேலத்துல அட்மிட் பண்ணியிருந்தோம். இன்சூரன்ஸுக்கு ஒவ்வொரு காகிதமா கேட்டாங்க. பீரோவுல இருந்து அக்கா ஒண்ணொண்ணா தேடி எடுத்து போட்டோ பிடிச்சு அனுப்பினா. அப்பா தேறி வந்தப்புறம், எல்லாத்தையும் ஒழுங்கா ஸ்கேன் பண்ணி வெச்சுடலாம்னு உக்காந்தோம். தாத்தா வாங்கின நிலத்தோட கிரயப் பத்திரத்துல "சேலம் மாவட்டம், திருச்செங்கோடு வட்டம்"னு இருக்கு. 1997-ல நாமக்கல் தனி மாவட்டம் ஆச்சு. மாவட்டமே மாறிடுச்சு, காகிதம் அப்படியே படிக்க முடியுது. அதைப் பாத்தப்ப, நான் பூட்டி வெக்கற ஃபைல் இவ்வளவு நாள் தாங்குமான்னு ஒரு நிமிஷம் தோணத்தான் செஞ்சுது.

முதல்ல காகிதங்களைப் பிரிச்சோம். எல்லாத்தையும் பூட்ட வேண்டிய அவசியமே இல்லை. பட்டா, சிட்டா அரசாங்கத் தளத்துலயே பாத்துக்கலாம். வில்லங்கச் சான்றும் பதிவுத்துறை தளத்துல கிடைக்கும். வண்டி ஆர்.சி, லைசென்ஸ் டிஜிலாக்கர்ல வந்துடும். இதையெல்லாம் சாதாரணமா போட்டு வெச்சா போதும். ஆதார், பான், பாஸ்போர்ட் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், சொத்துப் பாகம் பத்தி வீட்டுக்குள்ள எழுதிக்கிட்ட கடிதங்கள் - இதுதான் பூட்ட வேண்டியது. பாத்தா மொத்தமே ஒண்ணரை ஜி.பி. கூட வரலை. கூகுள்ல இலவசமா குடுக்கற 15 ஜி.பி தாராளம்.

பூட்டுக்கு கிரிப்டோமேட்டர் எடுத்தோம். இதுவும் ஜெர்மன்காரங்க செஞ்சதுதான், ஆனா மூல நிரல் முழுக்கத் திறந்து கிடக்கு, ஃபைலை எப்படிப் பூட்டறாங்கன்னு ஆவணமும் வெளியிட்டிருக்காங்க. ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா பூட்டும், பேரையும் மறைச்சிடும். கணினியில இலவசம், ஆண்ட்ராய்டுக்கு ஒரு தடவை காசு. குறையும் சொல்லிடறேன். எத்தனை ஃபைல், ஒவ்வொண்ணும் எவ்வளவு பெரிசு, எப்ப மாத்தினதுங்கறது லாரிக்காரருக்குத் தெரியும். பிரவுசர்ல நேரா திறந்து பாக்க முடியாது.

மத்த ரெண்டையும் சொல்லணும்னா, ஆர்குளோன் அருமையான கருவி. ஆனா கறுப்புத் திரையில கட்டளை அடிக்கணும், எங்க அக்கா அடிக்க வருவாளான்னு கேட்டா மாட்டா. வெராகிரிப்ட் பெட்டி ஒரே பெரிய ஃபைலா இருக்கும். உள்ள ஒரு காகிதத்தை மாத்தினாலும் பல சேவைகள்ல முழுப் பெட்டியும் மறுபடி மேல ஏறும். வீட்டு ஹார்ட் டிஸ்குக்கு அது சரி, க்ளவுடுக்கு அவ்வளவு பொருந்தாது.

எல்லாம் முடிச்சு, பெருமையா அம்மாகிட்ட காட்டினேன். "கூகுள்காரனே நினைச்சாலும் திறக்க முடியாதும்மா"ன்னேன். அம்மா அடுப்படியில இருந்து திரும்பாமலே கேட்டாங்க:

"அது செரி கண்ணு. உனக்கு ஒண்ணுன்னா நாங்க திறக்கோணுமே, அதுக்கு என்ன பண்றது?"

ஆஸ்பத்திரியில பதினஞ்சு நாள் இருந்துட்டு வந்த வீட்டுல அந்தக் கேள்வியைச் சிரிச்சுத் தள்ள முடியலை. அப்பா பக்கத்து அறையில படுத்திருக்கார். நான் மாசத்துல பாதி நாள் பைக்ல சேலத்துக்கும் ஊருக்கும் போய் வர்றவன். என்க்ரிப்ஷன் பத்தி நான் படிச்ச எத்தனையோ கட்டுரையில திருடன் வருவான், அரசாங்கம் வரும், ஹேக்கர் வருவான். சாவு வராது. வீட்டுல எல்லாருக்கும் முதல்ல தோணறதே அதுதான்.

அதனால இன்னொரு வேலை செஞ்சோம். கிரிப்டோமேட்டர்ல மீட்புச் சாவின்னு ஒண்ணு உண்டு, வரிசையா ஆங்கில வார்த்தைகளா வரும். பாஸ்வேர்டு மறந்தாலும் அதை வெச்சுப் புது பாஸ்வேர்டு போட்டுக்கலாம். அதை ரெண்டு காகிதத்துல பிரின்ட் எடுத்தோம், வீட்டு பிரின்டர்ல. ஒண்ணு பீரோவுல பத்திரத்தோட. இன்னொண்ணு திருச்செங்கோட்டுல அக்கா வீட்டுல. கூகுள் கணக்குக்குள்ள போறதுக்கான விவரம் தனியா இன்னொரு கவர்ல. ரெண்டு கவரும் ஒரே எடத்துல வெக்கலை. எல்லாத்தையும் வாரம் ஒரு தடவை நகல் எடுக்கற ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வீட்டுலயே இருக்கு, கூகுளே கணக்கை முடக்கினாலும் பூட்டின பெட்டி கையில இருக்கும்.

அப்புறம் ஒத்திகை. போன ஆயுத பூசை அன்னிக்கு அக்கா வந்திருந்தா. வண்டிக்கெல்லாம் பொட்டு வெச்சு முடிச்சதும், அவ லேப்டாப்பைக் குடுத்து, "நான் இல்லைன்னு வெச்சுக்கோ, அப்பாவோட இன்சூரன்ஸ் பாலிசியை எடு"ன்னேன். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது"ன்னு திட்டிட்டுத்தான் உக்காந்தா. மென்பொருளை இறக்கி, நிறுவி, மீட்புச் சாவியை அடிச்சு, பாலிசியைத் திறக்க நாப்பது நிமிஷம் ஆச்சு. நான் வாயைத் திறக்கலை. முடிச்சதும் ஒவ்வொரு படியையும் அவளே தமிழ்ல ஒரு நோட்டுத் தாள்ல எழுதினா. நான் எழுதியிருந்தா எனக்குத்தான் புரியும். அவ எழுதினது அம்மாவுக்கும் புரிஞ்சுது. இனி வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு இது ஒரு வேலை.

உங்க சேவை மூடப் போறாங்கன்னு மெயில் வந்தா, அவசரத்துல பழசை அழிச்சிடாதீங்க. முதல்ல எல்லாத்தையும் பூட்டு இல்லாம ஒரு டிஸ்க்ல இறக்குங்க. எண்ணிக்கையும் மொத்த அளவும் சரியா வருதான்னு பாருங்க, அங்கங்க பத்து ஃபைலைத் திறந்தும் பாருங்க. அப்புறம் புதுப் பெட்டியில போட்டு, வேற ஒரு கணினியிலயும் திறந்து பாத்துட்டு, அதுக்கப்புறம் பழசை அழிங்க. நடுவுல பூட்டு இல்லாம இறக்கி வெச்சீங்களே, அந்த டிஸ்கையும் மறக்காம சுத்தம் பண்ணுங்க. பாக்ஸ்கிரிப்டர் மூடினப்ப மாறினவங்களுக்கும் இதே வரிசைதான், நாளைக்கு கிரிப்டோமேட்டரே நின்னாலும் இதே வரிசைதான். ஒரே வித்தியாசம், அதுக்குத் தேதி குறிக்கறது நாமளா இருப்போம்.

இவ்வளவும் பண்ணிட்டு, ஜெராக்ஸ் கடைக்காரர் வாட்ஸப்புக்கு ஆதாரை அனுப்பி "அண்ணா ரெண்டு காப்பி"ன்னு சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது :-) எங்க வீட்டுல அப்பா இன்னும் அதைத்தான் பண்றார்.

சித்தப்பா பையன் மாறிட்டான். மீட்புச் சாவியோட ஒரு காகிதத்தைச் சித்திகிட்ட குடுக்கச் சொல்லியிருக்கேன். நீங்க எதுல வெச்சிருக்கீங்க, உங்க வீட்டுல உங்களைத் தவிர யாருக்குத் திறக்கத் தெரியும்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பாஸ்வேர்டை மட்டும் சொல்லிடாதீங்க.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு குடுக்கலை. குடுத்தா அடுத்த பதிவுல சொல்றேன்.